குளிர்நீருக்கு ஒரு ரெகுலேட்டர்: காசை எங்கே போடுவது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹூரான் ஏரியையும் ஜார்ஜியன் விரிகுடாவையும் பிரித்தபடி நீண்டு போகும் நிலமுனையின் நுனியில் டோபர்மோரி என்ற சிற்றூர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பு 1987-இலிருந்து ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல்சார் பூங்கா. இருபதுக்கும் மேற்பட்ட பழைய கப்பல்கள் அங்கே மூழ்கிக் கிடக்கின்றன. 1885-இல் மூழ்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸைப் படகில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்துவிடலாம். 1884-இல் மூழ்கிய அராபியாவைப் பார்க்க 30 மீட்டருக்கும் கீழே இறங்க வேண்டும். ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் இருக்கும் நம்மவர்களுக்குக் காரில் நாலு மணி நேரத் தொலைவு.

ஆகஸ்ட் மாதத்தில் அங்கே மேல்நீர் குளிப்பதற்கு இதமாகவே இருக்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அடர்த்தி மிகுந்தது. ஆகவே அந்தக் குளிர்நீர் அடியில் தங்கிவிடுகிறது, வெயில் சூடாக்கிய நீர் அதன் மேல் ஒரு போர்வையாகப் படர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தெர்மோக்ளைன் என்ற எல்லையைக் கடந்ததும் கன்னத்தில் அறைந்தாற்போல் குளிர் தாக்கும். அராபியா கிடக்கும் ஆழத்தில் கோடையிலும் நாலைந்து டிகிரிதான். திருகோணமலையிலோ அந்தமானிலோ 28 டிகிரி நீரில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டு, டேங்கிலிருந்து மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டரை அங்கேயே வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தவர், படகிலிருந்து கையை நீரில் விட்டுப் பார்த்து ‘பரவாயில்லை’ என்று முடிவு செய்தால், அந்த முடிவு முதல் 10, 15 மீட்டருக்கு மட்டுமே செல்லும்.

அப்படியானால் குளிர்நீருக்குத் தக்க ரெகுலேட்டரைக் கையைக் கடிக்காத விலையில் எப்படித் தேர்ந்தெடுப்பது? கடைக்காரரைக் கேட்டால் விலைப்பட்டியலின் மேல்வரிசையிலிருந்து பேச்சைத் தொடங்குவார். நான் கீழ்வரிசையிலிருந்தே தொடங்கச் சொல்வேன். மூச்சு எவ்வளவு வெண்ணெயாக வருகிறது என்பதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். வெளித்தண்ணீர் உள்ளே புகாத ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஒன்றுக்கும், அது உறைந்துபோனால் வாயில் வைக்க இன்னொரு தனி ரெகுலேட்டருக்கும் கொடுக்க வேண்டும். ஏன் என்று புரிய, உறைதல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டேங்கில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. டேங்கின் வால்வில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. இதுதான் இடை அழுத்தம். வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜ் அதையும் குறைத்து, நுரையீரல் ஏற்கும் அழுத்தத்தில் தருகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுகிறதே, அதன் மறுபக்கம் இது: அமுங்கிய காற்று விரியும்போது குளிர்கிறது. அறை வெப்பநிலையை ஒட்டிய நிலையில் காற்று ஒவ்வொரு பார் இறங்கும்போதும் ஏறக்குறைய 0.2 டிகிரி குளிரும். 200 பார் இறங்கினால் 40 டிகிரி. நாலு டிகிரி நீரில் ஊறிய டேங்கிலிருந்து புறப்படும் காற்று, ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வால்வு வாயைத் தாண்டும் நொடியில், கணக்குப்படி பூஜ்யத்துக்குக் கீழே முப்பதைத் தொடக்கூடும். ரெகுலேட்டரின் உலோக உடம்பும் அதைச் சூழ்ந்த நீரும் வெப்பம் கொடுத்துக் கொடுத்து அதை மீட்கின்றன. நாலு டிகிரி ஏரிநீர்தான் அங்கே ஹீட்டர். ஏரியில் குளிர் கூடக் கூட அந்த ஹீட்டரின் வலு குறைந்துகொண்டே வரும்.

இரண்டு விஷயங்களை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் மேற்பரப்பைவிட நாலு மடங்கு காற்று ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வழியே ஓடுகிறது. இரண்டு, டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் அழுத்த இறக்கமும் அதிகம். டேங்க் நிறைந்திருப்பதும் ஆழம் உச்சத்தில் இருப்பதும் சேர்ந்து வருவது டைவின் முதல் பத்து நிமிடங்களில். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கி, மிதவை ஜாக்கெட்டிலும், தண்ணீர் புகாத உடையான டிரை சூட்டிலும் மாறி மாறிக் காற்றை நிரப்பி, கொஞ்சம் படபடப்போடு மூச்சும் வாங்கும் அந்த வேளைதான் ரெகுலேட்டருக்குச் சோதனைக் காலம்.

உறைவது மூன்று இடங்களில். முதலாவது, ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கு வெளிப்புறம். நீரழுத்தத்தை உணர்வதற்காக ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் தண்ணீர் புகும்படி பல மாடல்களில் துளை விட்டிருப்பார்கள். குளிர்ந்த உலோகத்தை ஒட்டி அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகி, பிஸ்டனையோ ஸ்பிரிங்கையோ திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். வால்வு மூட முடியாமல் இடை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த அழுத்தத்தைத் தாங்காமல் செகண்ட் ஸ்டேஜ் வாயைத் திறந்துவிடும். காற்று பீறிட்டுக் கொட்டும். இதைத்தான் ஃப்ரீ ஃப்ளோ என்கிறார்கள். கொட்டும் காற்று மேலும் குளிரை உண்டாக்குவதால் பனி இளகுவதற்கு வழியே இல்லை. டேங்க் சில நிமிடங்களில் காலியாகும். இரண்டாவது, டேங்கில் அடைத்த காற்றிலேயே இருக்கும் ஈரம் உள்ளே உறைவது. மூன்றாவது, நாம் வெளியே விடும் மூச்சின் ஈரம் செகண்ட் ஸ்டேஜின் நெம்புகோலிலும் வால்விலும் படிந்து உறைவது. முதலாவதை நல்ல ரெகுலேட்டர் தடுக்கும். இரண்டாவதை நல்ல கம்ப்ரஸர் தடுக்கும். மூன்றாவதைத் தடுப்பதில் பாதிப் பங்கு நம் பழக்கத்துக்கு.

கடையில் பெட்டியைத் திறக்கும் முன்பே பைசா செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் சோதனை, முத்திரையைப் பார்ப்பது. ஐரோப்பியத் தரநிலையான இ.என். 250, 10 டிகிரிக்குக் கீழ் உள்ள எல்லா நீரையும் குளிர்நீர் என்று வைத்துக்கொள்கிறது. குளிர்நீருக்கான சோதனையில் ரெகுலேட்டரை 4 டிகிரி நீரில், 50 மீட்டர் ஆழத்துக்கான அழுத்தத்தில் வைத்து, இயந்திரத்தைக் கொண்டு நிமிடத்துக்கு 62.5 லிட்டர் என்ற கடுமையான வேகத்தில் மூச்சு வாங்க வைக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இதில் தேறாத ரெகுலேட்டரில் ‘>10’ என்று தொடங்கும் வெப்பநிலைக் குறி இருக்க வேண்டும். வட அமெரிக்காவில் இதற்கு வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏதும் இல்லை. ஆனால் பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் ஒரே சரக்கைத்தான் இரண்டு கண்டங்களிலும் விற்கின்றன என்பதால் குறி அங்கேயும் கண்ணில் படும். அந்தக் குறி இருந்தால் கீழே வைத்துவிடலாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

குறி இல்லை என்பதற்காக நிம்மதியாகிவிடவும் முடியாது. சோதனை நாலு டிகிரிக்கு. அதுவும் சில நிமிட நேரத்துக்கு. குளிர்காலத்தில் பனிக்கட்டியை வெட்டி இறங்கும் ஏரியில் பூஜ்யத்தை ஒட்டிய நீர் இருக்கும். ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் உள்ள அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்புச் சோதனைப் பிரிவு இதைவிடக் குளிர்ந்த நீரில், இதைவிட நீண்ட நேரம் சோதிக்கிறது. ஐரோப்பிய முத்திரை பெற்ற எல்லாமே அங்கே தேறிவிடுவதில்லை. ஆகவே எங்கே முக்குளிக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பட்ஜெட். வான்கூவர் தீவைச் சுற்றி ஆண்டின் பெரும்பகுதி எட்டு, ஒன்பது டிகிரி உப்புநீர். காகிதத்தில் அது குளிர்நீர்தான். ஆனால் கடல்நீர் பூஜ்யத்துக்குக் கீழே 1.8 டிகிரி வரை போனால்தான் உறையும் என்பதால், உறைநிலைக்கு எட்டத்தில் இருக்கிறோம். ஐஸ்லாந்தின் சில்ஃப்ராவில் பனிப்பாறை உருகிவரும் நன்னீர், ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரி. உறையாமல் இருக்க உப்பின் தயவும் அங்கே இல்லை. ஒரே முத்திரை பெற்ற ரெகுலேட்டர் முதல் இடத்தில் அலட்டிக்கொள்ளாமல் வேலை செய்யும். இரண்டாவது இடத்தில் அதனிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வகைகள். டயாஃப்ரம், பிஸ்டன் என்று இரண்டு குடும்பங்கள். டயாஃப்ரம் வகையில் ஒரு ரப்பர் தகடு வால்வையும் வெளித்தண்ணீரையும் பிரித்து நிற்கிறது. ஸ்பிரிங் மட்டும் தண்ணீரில் நனையும். அந்த ஸ்பிரிங் அறைக்கு மேலேயும் இன்னொரு மெல்லிய ரப்பர் மூடியைப் போட்டு, நடுவில் ஒரு தள்ளுகட்டையை வைத்துவிட்டால் ஸ்பிரிங்கும் நனையாது. வெளி நீரழுத்தம் அந்தக் கட்டை வழியே உள்ளே தெரிந்துகொள்ளப்படும். இதற்கு உலர் அறை என்று பெயர். குறைந்த பட்ஜெட் குளிர்நீர் டைவருக்கு என் பரிந்துரை இதுதான்: உலர் அறையோடு கூடிய, பேலன்ஸ் செய்யப்பட்ட (டேங்கின் அழுத்தம் இறங்கினாலும் ஒரே சீராக இயங்கும்) டயாஃப்ரம். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத்து ஏபெக்ஸ் நிறுவனத்தின் டி.எஸ். 4 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குண்டான பித்தளை உடம்பு, ஓர் உயரழுத்த வாய், நாலு தாழ்வழுத்த வாய். சுழலும் தலை போன்ற அலங்காரம் எதுவும் கிடையாது. பார்க்க அழகில்லை. பிரிட்டனின் கல்குவாரி ஏரிகளில் பயிற்சிப் பள்ளிகள் அடிமாட்டு உழைப்பு வாங்கும் சாமான்களில் இது ஒன்று. ஸ்கூபாப்ரோவின் எம்.கே. 17, மேரஸின் குளிர்நீர் கிட் பொருத்திய டயாஃப்ரம் மாடல்கள் ஆகியவையும் இதே சாதி.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. ஒரே மாடல் பெயரில் மூடியதும் மூடாததுமாக இரண்டு வடிவம் விற்பனைக்கு வருவதுண்டு. அக்வாலங் நிறுவனம் தன் டைட்டன், லெஜண்ட், கோர் வரிசைகளில் உலர் அறை பொருத்தியதற்குப் பெயரின் வாலில் ‘சுப்ரீம்’ என்று சேர்த்தது. வாலைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியவருக்குக் கிடைப்பது வெந்நீர்க் கடலுக்கான சரக்கு. கடையில் சந்தேகம் வந்தால் பெயரை மறந்துவிட்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் முனையைப் பாருங்கள். துளைகள் வழியே ஸ்பிரிங் கண்ணில் பட்டால் அது திறந்தது. விரல் வைத்தால் மெத்தென்று அமுங்கும் ரப்பர் மூடி இருந்தால் அது மூடியது. ஐந்து வினாடி வேலை.

பிஸ்டன் என்றாலே குளிர்நீருக்கு ஆகாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அவ்வளவு கறாராகச் சொல்ல முடியாது. பிஸ்டன் வகையில் குளிர்ந்த உலோகத் தண்டு நேராகத் தண்ணீருக்குள் இருப்பதால் உறையும் வாய்ப்பு கூடுதல் என்பது சரி. அதற்காக நிறுவனங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை: தண்டைச் சுற்றி வெப்பம் கடத்தாத உறை போட்டார்கள், அறைக்குள் சிலிகான் கிரீஸை அடைத்தார்கள். ஷெர்வுட் நிறுவனம் எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்றைப் பிடித்தது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்தே உலர்ந்த காற்றை நூலளவு கசியவிட்டு, ஸ்பிரிங் அறைக்குள் தண்ணீரே வராமல் செய்தது. இந்த ரெகுலேட்டரைப் போட்டவர் முதுகுக்குப் பின்னால் டைவ் முழுக்கக் குமிழ்ச்சரம் ஒன்று போய்க்கொண்டே இருக்கும். கூட வந்தவர் ‘லீக் ஆகிறது’ என்று பதறிக் கைகாட்டுவார். அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 1.8 டிகிரி கடல்நீரில், பனித்தளத்தில் துளையிட்டு இறங்கும் அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்தது ஷெர்வுட் மாக்ஸிமஸை. அது விலைப்பட்டியலின் உச்சியில் இருந்த சாமான் அல்ல. பட்ஜெட் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த மாக்ஸிமஸ்தான் நினைவுக்கு வரும்.

டைட்டானியம் பற்றி ஒரே வரி. அது இலகு, துருப்பிடிக்காது, விலை கூடுதல். ஆனால் பித்தளையைவிட வெப்பம் கடத்தும் திறன் மிகவும் குறைவு என்பதால் சுற்றியுள்ள நீரின் வெப்பம் உள்ளே சேராது. குளிர்நீருக்கு மலிவான பித்தளைதான் உசத்தி.

செகண்ட் ஸ்டேஜுக்கு வந்தால், விலை ஏறுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை நமக்குத் தேவையற்றவை. மூச்சின் எதிர்ப்பைக் கூட்டிக்குறைக்கும் திருகு இருந்தால் நல்லது. ஃப்ரீ ஃப்ளோ தலைகாட்டும்போது இறுக்கிப் பார்க்கலாம். காற்றின் பாய்ச்சலைக் கூட்டிக்குறைக்கும் வெஞ்சுரி நெம்புகோல் இருந்தால், தண்ணீரில் குதிக்கும்போது அதைக் குறைந்த பக்கம் தள்ளிவைக்க வேண்டும். ஹோஸ் வந்து சேரும் இடத்தில் வெப்பம் வாங்கும் உலோக வளையங்களோ, உள்ளே உலோகக் குழாயோ இருப்பதைக் கவனித்து எடுக்கலாம். முழு உலோக உடம்பு மூச்சின் வெப்பத்தை வால்வுக்குக் கொண்டுசேர்க்கும். 1958-இல் ஸ்வீடனில் பிறந்த பொசைடன் சைக்ளானைப் பால்டிக் கடல் டைவர்கள் இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றபடி, ‘இதில் மூச்சு பட்டுப்போல் வரும்’ என்று விற்பனையாளர் சொல்வது குளிர்நீரில் சில வேளை எதிராகவே திரும்பும். தொட்டால் திறக்கும்படி நுணுக்கமாகச் சரிசெய்த செகண்ட் ஸ்டேஜ், இடை அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் கொட்டத் தொடங்கும். குளிர்நீருக்குப் போகிறேன் என்று சொன்னால், அனுபவமுள்ள மெக்கானிக் அதைக் கொஞ்சம் முரடாகவே வைத்துத் தருவார். முரடாக இருந்தால் என்ன, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆக்டோபஸ் என்று எல்லோரும் அழைக்கும் உபரி செகண்ட் ஸ்டேஜைப் பற்றித்தான் நின்று பேச வேண்டும். பட்ஜெட் போடும் பலர் செய்வது, முதன்மை ரெகுலேட்டரை நல்லதாக எடுத்து, ஆக்டோபஸில் காசைப் பிடிப்பது. ‘அவசரத்துக்குத்தானே’ என்பது வாதம். அந்த அவசரம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கூட வந்தவருடைய ரெகுலேட்டர் உறைந்து காற்று கொட்டுகிறது. அவர் நம் ஆக்டோபஸை வாங்கிக் கவ்வுகிறார். 30 மீட்டரில், பயத்தில், இரண்டு பேர் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து வேகவேகமாக மூச்சு வாங்குகிறார்கள். மேலே ஏற ஜாக்கெட்டுக்கும் காற்று விடுகிறார்கள். முதல் ரெகுலேட்டரை உறைய வைத்த அதே நிலைமை, இரண்டு மடங்காக, இப்போது இரண்டாவதன் மேல் விழுகிறது. இதைத் தரநிலை எழுதியவர்களும் உணர்ந்தேதான் இருக்கிறார்கள். இருவர் சேர்ந்து மூச்சு வாங்குவதற்கும் ஏற்றது என்று தேறிய ரெகுலேட்டருக்கு இ.என். 250 என்பதோடு ‘ஏ’ என்ற எழுத்தைச் சேர்க்கிறார்கள். அதற்கான வரம்பு 30 மீட்டர் ஆழமும் 10 டிகிரி வெப்பமும். அதாவது, அராபியாவின் மேல்தளத்தில் ஆக்டோபஸைப் பகிர்ந்து மூச்சு வாங்குவது, தனித்தனியாகக் குளிர்நீர் முத்திரை பெற்ற சாமான்களோடு செய்தாலும், முத்திரையின் எல்லைக்கு வெளியே நடக்கும் காரியம்.

ஆகவே குளிர்நீரில் உண்மையான மாற்றுவழி இன்னொரு வாய்ப்பகுதி அல்ல, இன்னொரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். அண்டார்டிகாக்காரர்களின் ஏற்பாடு இதுவே: ஒரே டேங்கின் தலையில் இரண்டாகப் பிரியும் ஒய் வடிவ வால்வு, ஒவ்வொரு கிளையிலும் தனி ரெகுலேட்டர், தனித் திருகு. ஒன்று கொட்டினால் அதை மூடிவிட்டு மற்றதில் மூச்சு வாங்கியபடி மேலே வரலாம். அதே வேலையைச் செய்யும் எச் வடிவ வால்வும் கிடைக்கிறது. சொந்த டேங்க் வைத்திருப்பவருக்குச் செலவு அதிகமில்லாத வழி இது. ஆனால் திருகைப் பின்கையால் எட்டி மூடத் தெரிந்திருக்க வேண்டும், கனமான கையுறையோடு. வாடகை டேங்க் எடுப்பவருக்கு போனி என்னும் குட்டி டேங்க்.

போனி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை நாமே கணக்குப் போடலாம். பதற்றத்தில் ஒருவர் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 30 லிட்டர் மூச்சு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் ஒரு நிமிடம் தடுமாற்றம்: 120 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற்றம்: ஏறக்குறைய 230. அங்கே மூன்று நிமிட நிறுத்தம்: 135. கடைசி ஐந்து மீட்டருக்கு இன்னும் 20. மொத்தம் 500 லிட்டரைத் தாண்டுகிறது. 3 லிட்டர் டேங்கில் 200 பார் நிரப்பினால் 600 லிட்டர், போதும். ஒன்டாரியோக் கடைகளில் கிடைக்கும் 19 கன அடி போனியில் ஏறக்குறைய 540தான். இழுத்துப் பிடிக்க வேண்டும். 30 கன அடி என்றால் ஏறக்குறைய 850, அது நிம்மதி. 13 கன அடி போனியை இந்த ஆழத்துக்குக் கொண்டுபோவது மனசமாதானத்துக்கு மட்டும்.

இப்போது விலை. கடைக்குக் கடை, பருவத்துக்குப் பருவம் மாறினாலும், கனடாவில் உலர் அறை டயாஃப்ரம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் எளிய செகண்ட் ஸ்டேஜும் சேர்ந்த செட் ஏறத்தாழ 500, 600 டாலரை ஒட்டித் தொடங்கும். மேல்தட்டு செட் 1,200-ஐத் தாண்டும். மேல்தட்டில் ஒன்று வாங்கும் காசுக்குக் கீழ்த்தட்டில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றை முதுகு டேங்கிலும் மற்றதை போனியிலும் மாட்டியவர், ஒரே ஒரு விலையுயர்ந்த ரெகுலேட்டரோடு இறங்குபவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டும் ஒரே மாடல் என்றால் சர்வீஸ் கிட்டும் ஒன்றே. ஆண்டுக்கணக்கில் அதுவும் ஒரு மிச்சம்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜை டேங்கில் மாட்ட இரண்டு வகை இணைப்பு உண்டு: வால்வைக் கவ்வும் யோக், வால்வுக்குள் திருகும் டின். வாங்கும்போதே யோக் வேண்டாம், டின் இணைப்பைக் கேளுங்கள். ஓ-ரிங் திருகுக்குள் அடைபட்டிருப்பதால் பிதுங்கி வெளியேறும் பேச்சில்லை. வாடகை டேங்கில் யோக்தான் இருக்கிறது என்றால் சின்ன அடாப்டர் ஒன்று போதும். டின்னிலிருந்து யோக்குக்குப் போவது மலிவு.

பழைய சரக்கு வாங்கலாமா? தாராளமாக. ரெகுலேட்டரின் பித்தளை உடம்பு பல பத்தாண்டு தாங்கும். தேய்வது ரப்பரும் பிளாஸ்டிக் இருக்கையும்தான். ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. இடை அழுத்தம் காட்டும் சிறு மீட்டர் ஒன்று, ஜாக்கெட் ஹோஸின் முனையில் மாட்டும்படி, இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும். விற்பவரின் டேங்கில் ரெகுலேட்டரை மாட்டி, வால்வை மெதுவாகத் திறக்கவும். முள் ஒன்பதரையில் வந்து நிற்கிறது என்று வைப்போம். செகண்ட் ஸ்டேஜின் நடுப்பொத்தானை ஒருமுறை தட்டினால் முள் ஒரு பாருக்கு மேல் சரிந்து, சட்டென்று பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அதன் பிறகு தொடாமல், விற்பவரோடு வானிலையைப் பேசிக்கொண்டே ஐந்து பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். நல்ல ரெகுலேட்டரில் முள் செத்ததுபோல் கிடக்கும். இருக்கை தேய்ந்ததில், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒன்பதரையிலிருந்து பத்துக்கு, பத்திலிருந்து பத்தரைக்கு ஊர்ந்துகொண்டே போகும். கடைசியில் செகண்ட் ஸ்டேஜ் லேசாகச் சீறும். வெந்நீரில் அது தொல்லை மட்டும். குளிர்நீரில் அதுதான் முதலில் உறையும்.

அடுத்து, இணைப்பு வாயில் சல்லடை போல் இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் துருப்பிடித்த இரும்பு டேங்கோடு வாழ்ந்திருக்கிறது. இரண்டுமே விலையைக் குறைக்கக் காரணம், பச்சையானால் விட்டுவிடவும் காரணம். பிறகு டேங்கிலிருந்து கழற்றி, தூசிமூடியைப் போட்டு, வாயில் வைத்து உறிஞ்சுங்கள். காற்று வரக் கூடாது. வந்தால் செகண்ட் ஸ்டேஜில் எங்கேயோ ஓட்டை; நீருக்குள் அது தண்ணீராக வரும். உலர் அறையின் வெளி ரப்பரில் வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், அது மாற்றத்தக்கது. அதைவிட முக்கியமான கேள்வியை விற்பவரிடமல்ல, உள்ளூர் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும்: இந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் இன்னும் வருகிறதா? நிறுவனங்கள் கைமாறுகின்றன, பழைய வரிசைகள் நிறுத்தப்படுகின்றன. கிட் இல்லாத ரெகுலேட்டர் இலவசமாகக் கிடைத்தாலும் விலை அதிகம்.

சர்வீஸ் செலவை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டு அல்லது 100 டைவ், எது முந்துகிறதோ அது, என்று கெடு வைக்கின்றன. இடையில் ஆண்டுக்கொரு பரிசோதனை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கும் இரண்டு செகண்ட் ஸ்டேஜுக்குமாகப் பாகமும் கூலியும் சேர்ந்தால் நூறு டாலரைத் தாராளமாகத் தாண்டும். பத்தாண்டு வைத்திருந்தால் ரெகுலேட்டரின் விலையை சர்வீஸ் எட்டிப்பிடித்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், வாங்கும் நாளில் நூறு டாலர் மிச்சம் பிடிக்க ஊர்பேர் தெரியாத மாடலுக்குப் போவதில் அர்த்தமில்லை என்று தெரியும்.

காற்றின் ஈரத்தைப் பற்றி முன்பு சொன்னேன். மூச்சுக் காற்றுக்கான ஐரோப்பியத் தரநிலை, டேங்க் நிரப்பும் கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றில் கனமீட்டருக்கு 25 மில்லிகிராம் நீருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாத கடையில் இதெல்லாம் நடக்காது. எங்கே காற்று நிரப்புகிறோமோ அங்கே கம்ப்ரஸரின் ஃபில்டர் எப்போது மாற்றப்பட்டது, காற்றுச் சோதனைச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது நம் உரிமை. நல்ல கடைகள் அதைச் சுவரிலேயே மாட்டியிருக்கும்.

பழக்கங்களுக்குக் காசில்லை. உறைபனி நாளில் ரெகுலேட்டரைக் காருக்குள் சூடாகவும் உலர்வாகவும் வைத்திருந்து, கடைசி நிமிடத்தில் மாட்டுங்கள். கரையில் நின்றுகொண்டு ‘வேலை செய்கிறதா’ என்று நாலு மூச்சு வாங்கிப் பார்க்காதீர்கள். மூச்சின் ஈரம் அந்தக் குளிர்காற்றிலேயே செகண்ட் ஸ்டேஜுக்குள் உறைந்துவிடும். முதல் மூச்சு முகம் நீருக்குள் போன பிறகு. நடுப்பொத்தானை அழுத்திக் காற்றைப் பீய்ச்சாதீர்கள். ஜாக்கெட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விடுங்கள், அதுவும் மூச்சை உள்ளிழுக்காத நேரத்தில். முதல் டைவுக்குப் பின் நனைந்த ரெகுலேட்டரைப் படகின் தளத்தில் காற்றடிக்கப் போட்டுவிட்டு இரண்டாவது டைவுக்கு அப்படியே எடுத்து மாட்டுவதுதான் பலர் செய்வது. டிசம்பரில் அது வினை. மெக்மர்டோக்காரர்கள் மாக்ஸிமஸைக் காப்பாற்றியது இந்தச் சின்னச் சின்ன ஒழுங்குகளால்.

ஆண்டுக்கு இரண்டே டைவ் போடுபவருக்கு வேறு பதில். டிரை சூட்டின் விலைக்கு முன்னால் ரெகுலேட்டர் செலவு சிறிது. சூட்டையே வாடகைக்கு எடுக்கிறவர் ரெகுலேட்டரை மட்டும் சொந்தமாக வாங்கி, பரணில் போட்டு, ரப்பரைக் காயவிடுவதற்குக் காரணம் இல்லை. சில்ஃப்ராவில் அழைத்துப்போகிறவர்கள் சூட்டையும் ரெகுலேட்டரையும் சேர்த்தே தருகிறார்கள். டோபர்மோரிக்குப் போகிறவர் டொரண்டோவில் அல்லது அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். வாடகைக் கவுண்டரில் கேட்க வேண்டியவை மூன்று: இது உலர் அறை கொண்டதா, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, போனியும் அதற்குத் தனி ரெகுலேட்டரும் தருவீர்களா. மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘இல்லை’ என்று வந்தால் அராபியாவை விட்டுவிட்டு ஸ்வீப்ஸ்டேக்ஸுக்குப் போகலாம். அதன் தளம் பெரும்பாலும் ஆறேழு மீட்டருக்குள்தான். கோடையில் அங்கே தெர்மோக்ளைன் காலுக்கு வெகு கீழே இருக்கும்.